சிரிச்சுக் காட்டு, சாமி

அந்த அக்காவின் இடது தோளில் எப்போதும் ஒரு துணி கிடக்கும். பழைய வேட்டியில் கிழித்த துணி. அழுக்குத் துணி என்று யாரும் சொல்லிவிட முடியாது. தினமும் சவுக்காரம் போட்டுத் துவைத்து, அடுப்புக்கு மேலே கொடியில் காயப்போட்டு எடுத்து வருவாள். புகை வாசம் அடிக்கும். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து இன்றைக்கு முப்பது நாற்பது வயதாகிற எல்லோருடைய மூஞ்சியும் அந்தத் துணியில் துடைபட்ட மூஞ்சிதான். கொழும்பில் கோட்டுப் போட்டு வேலை செய்கிறவர்கள்கூட இருக்கிறார்கள். அவர்கள் மூக்குச் சளியும் அதில்தான் போனது.

அக்காவின் பேரை நான் எழுதப் போவதில்லை. மகன் இருக்கிறான், மரியாதையான பிள்ளை. தோட்டத்தில் அவளைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதும் இல்லை. பிள்ளைக்காம்பரா அக்கா என்றுதான் சொல்வோம். மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் பிள்ளைக்காம்பரா. ஒரே நீளமான அறை. உத்தரத்தில் வரிசையாகத் தொட்டில்கள் தொங்கும். அக்கா ஒருத்தி, பிள்ளைகள் பதினைந்து இருபது.

காலை பத்து மணிக்குப் பால் கொடுக்க விடுவார்கள். கூடையை வாய்க்கால் ஓரத்தில் இறக்கி வைத்துவிட்டு, நெஞ்சு கனக்க ஓடி வருவோம். நாங்கள் வளைவில் திரும்பும்போது காலடிச் சத்தம் அக்காவுக்குக் கேட்டுவிடும். தோள் துணியை எடுப்பாள். தொட்டில் தொட்டிலாகப் போய் எல்லா மூஞ்சியையும் துடைப்பாள். நாங்கள் வாசலில் கால் வைக்கும்போது அத்தனை பிள்ளையும் கழுவி வைத்த கத்தரிக்காய் மாதிரி பளபளவென்று இருக்கும். "எங்க புள்ளைங்க அழுவாத புள்ளைங்க" என்று நாங்கள் பெருமை பேசிக்கொண்டு பால் கொடுப்போம்.

ஒரு நாள் நான் குறுக்குப் பாதையில் இறங்கி முன்னாடியே வந்துவிட்டேன். என் கடைசி மகள் ரஞ்சினி அப்போது ஐந்து மாசப் பிள்ளை. உதடு நீலம் பாரித்து, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். அழுது அழுது சத்தம் தீர்ந்துபோன அழுகை. அக்கா அவளைக் கையில் ஏந்தித் துடைக்கிறாள், தாடையைத் தட்டுகிறாள்.

"சிரிச்சுக் காட்டு, சாமி. அம்மா வாறா. சிரிச்சுக் காட்டு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"என்னக்கா இது? என் புள்ள தெனமும் இப்படித்தான் அழுவுதா? ஒரு நாளும் சொல்லலையே நீங்க?"

அக்கா பதறவில்லை. பிள்ளையை என்னிடம் நீட்டினாள்.

"சொன்னா நீ மலைக்குப் போவியா?"

"போவ மாட்டேன்."

"அப்ப அரைப்பேர் போட்டு, அரை நாள் சம்பளத்தோட அனுப்புவான் கங்காணி. நாளைக்கும் போவ மாட்ட. அழுத மூஞ்சியப் பாத்துட்டுப் போனா கை கொழுந்துல போவாதுடி. மனசு இங்க கெடக்கும். சறுக்கு மலையில நிக்கிற பொம்பளைக்கு மனசு காலடியில இருக்கணும். போ, பாலக் குடு."

நான் முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து எடுத்தவள். என் கூடைக்கு மேல் கூடை நிறுத்த எங்கள் மலையில் ஆள் இல்லை. அந்தப் பேருக்காகவே நாள் தவறாமல் போனவள். அதனால் அக்கா சொன்னது சரி என்று பட்டது. சரியாகத்தான் இருந்ததா, எனக்கு அது தோதாக இருந்ததா என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. இப்போது யோசிக்கிறேன்.

பிள்ளைகளின் மூஞ்சியைத் துடைத்ததோடு அக்கா நிற்கவில்லை. எங்கள் ஆட்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிப்போன காலத்தில் என் அண்ணன் குடும்பமும் போனது. போன இடத்தில் மலைக்காட்டில் குடிசை போட்டிருக்கிறோம் என்று ஒரு கடுதாசி வந்தது. போட்டோ அனுப்பச் சொல்லி எழுதியிருந்தார்கள். அக்காதான் எங்களை அட்டன் டவுன் ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கிளம்புமுன் வீடு வீடாக ஏறி இறங்கினாள். மலை வேலையை மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையா வீட்டம்மாவிடம் ஒரு சேலை, தையல்காரரிடம் ஒரு கைக்கடிகாரம், யாரோ ஒருத்தரின் சப்பாத்து. கடிகாரம் என் வீட்டுக்காரர் கையில் ஏறவில்லை. கயிறு கட்டி நிறுத்தி, சட்டைக் கையை இழுத்து மறைத்தாள்.

"ஏன்க்கா இந்த வேஷம்? நம்ம கெடக்குற கெடை அண்ணனுக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியும். தெரிஞ்சதத் தபால்ல வேற அனுப்பணுமா? தூரத்துல இருக்குற சீவன். பாத்துட்டு ஒரு வாய் சோறு நிம்மதியாத் திங்கட்டுமே."

ஆறு மாசம் கழித்து அண்ணனிடமிருந்து போட்டோ வந்தது. அண்ணன் கையிலும் ஒரு கடிகாரம். அண்ணியின் கழுத்தில் அவள் ஒருநாளும் போட்டிராத சங்கிலி. அதைப் பார்த்துவிட்டு அவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று நாங்கள் ஒரு வாய் சோறு நிம்மதியாகத் தின்றோம். அந்தக் குளிரில் அண்ணன் நெஞ்சுச் சளியில் போய்ச் சேர்ந்தது எங்களுக்குத் தெரியவந்தபோது வருஷம் ஒன்றாகிவிட்டது. அங்கேயும் ஒரு பிள்ளைக்காம்பரா அக்கா இருந்திருப்பாள் போல.

அப்புறம் போன் வந்தது. முதலில் கடையில் காத்திருந்து பேசுகிற போன், பிறகு கைபோன், அதற்குப் பிறகு முகம் தெரிகிற டச் போன். இனிமேல் யாரும் எதையும் ஒளிக்க முடியாது, கடுதாசியில் பொய் எழுதலாம், முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் நம்பினேன். போன் எங்களை மாற்றப்போகிறது என்று நினைத்தோம். அது வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்து நாலு நாள் இருந்து, எங்கள் பழக்கத்தைக் கற்றுக்கொண்டது.

எங்கள் லயத்தில் டச் போன் முதலில் வந்தது அக்காவுக்குத்தான். அப்போது அவள் வேலையிலிருந்து நின்றுவிட்டாள், என் காம்பராவிலிருந்து இரண்டு காம்பரா தள்ளி இருந்தாள். கொழும்பில் கடையில் நிற்கிற மகன் வாங்கிக் கொடுத்த போன். அதைப் பிடிக்கவும் திருப்பவும் யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எதைக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது என்பது அவளுக்கு ஏற்கெனவே கைவந்த வேலை.

அந்தக் காலத்தில் லயத்துக்கு இரண்டு பேர் மூன்று பேர் என்று பெண்கள் வீட்டு வேலைக்குக் குவைத்துக்கும் சவுதிக்கும் போயிருந்தார்கள். மலையில் கொழுந்து எடுத்த அம்மாக்களின் பிள்ளைகளைப் பார்த்தவள், இப்போது கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாக்களின் பிள்ளைகளைப் பார்த்தாள். அவளைப் பொறுத்தவரை மலையும் கடலும் ஒன்றுதான். அம்மா பார்க்க வருகிற நேரம் தெரியும். அதற்குள் மூஞ்சி துடைத்திருக்க வேண்டும்.

என் ரஞ்சினியும் போனாள். புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடித்தனம் வைத்துக்கொண்டான். மூன்று வயதுப் பெண்பிள்ளை கவிஷாவை என்னிடம் விட்டுவிட்டு, இரண்டு வருஷம் என்று கையெழுத்துப் போட்டுப் போனாள். அங்கே வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் அவளுக்கு ஓய்வு. அந்த நேரம் கூப்பிடுவாள்.

வெள்ளிக்கிழமை வந்தால் அக்கா காலையிலிருந்தே பரபரப்பாகிவிடுவாள். கவிஷாவைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, பொட்டு வைத்து, நல்ல கவுன் மாட்டி, பக்கத்து வீட்டு மூக்காயியின் இஸ்தோப்புத் திண்ணைக்குக் கூட்டிப் போவாள். எங்கள் லயத்தில் அந்த ஒரு சுவருக்குத்தான் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தது. கதவைத் திறந்து வைத்தால் உள்ளே மூக்காயியின் பிரிட்ஜும் ஓரமாகத் தெரியும்.

"இங்கிட்டு நில்லு சாமி. அங்கிட்டு நின்னா தகரம் தெரியுது. தகரத்து மேல கல்லு ஏத்தி வச்சிருக்கிறது தெரியுது. ஆங், அப்படித்தான்."

மூக்காயிக்கு வாய் சும்மா இருக்காது. "வந்துட்டாங்கடி டைரக்டரம்மா! ஏன்க்கா, தெனமும் என் செவுத்த மட்டும் படம் புடிக்கிறீங்க, எனக்கு ஒரு வேஷம் குடுக்கக் கூடாதா?"

"குடுப்போம்டி. வில்லி வேஷம் வரட்டும். ஒனக்கு மூஞ்சி தொடைக்கிற செலவுகூட இல்ல."

எல்லோரும் சிரிப்போம். அந்தச் சிரிப்போடு போன் அடிக்கும். அந்தப் பக்கம் ரஞ்சினி எப்போதும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பாள். பின்னால் வெள்ளைத் திரைச்சீலை, பக்கத்தில் பூ ஜாடி. மணிக்கட்டு வரைக்கும் நீளக் கைச் சட்டை. "ஏசி குளிரும்மா, அதான்" என்பாள். என் மகள் மாளிகையில் இருக்கிறாள் என்று நான் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன்.

கவிஷாவுக்கு ஐந்து வயது நடக்கும்போது அடிக்கடி தொண்டை வலித்துக் காய்ச்சல் வந்தது. பிறகு முட்டி வீங்கியது. அப்புறம் லயத்துப் படிக்கட்டில் ஏறினால் நாலாவது படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். ஒரு சிங்கள டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்து நெடுநேரம் கேட்டார். முகம் மாறிப்போனது.

"அம்மா கோ?" என்று கேட்டார். அம்மா எங்கே என்று.

"ரட்ட கிஹின்" என்றேன், வெளிநாடு போயிருக்கிறாள் என்று.

பிள்ளையின் இருதயத்தில் கோளாறு, கிளினிக்குக்குத் தவறாமல் கொண்டுவர வேண்டும், அம்மாவை வரச் சொல்லுங்கள் என்றார். வரச் சொல்லுங்கள் என்பதை மட்டும் எனக்குப் புரியவேண்டும் என்று தமிழில், இரண்டு தரம் சொன்னார்.

திரும்பி வந்ததும் அக்காவிடம் போனேன்.

"இந்த வெள்ளிக்கெழமை ரஞ்சினிகிட்ட சொல்லிரணும்க்கா. டாக்டரே வரச் சொல்றாங்க."

"சொல்லி? அவ பறந்து வந்துருவாளா? பாஸ்போட்டு அந்த வீட்டுக்காரி கையில கெடக்கு. கடலுக்கு அந்தப் பக்கம் ஒத்தையில நின்னுகிட்டுச் செவுத்துல முட்டிக்குவா." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கீழ் டிவிசன்காரி ஒருத்தி மவன் தண்ணியில போனத, இங்க இருந்து போன்ல அழுதுகிட்டே சொன்னாங்க. அந்தப் புள்ள மேல் மாடியில நின்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கா. அப்படியே குதிச்சிட்டா. பொட்டியிலதான் வந்துச்சு ஒடம்பு. போனப் புடிச்சிக்கிட்டு இருந்தது யாரு தெரியுமா? நாந்தான்."

அது நடந்தது உண்மை. பொட்டி வந்ததை நானும் பார்த்தேன். போனைப் பிடித்தது அக்கா என்று மட்டும் அன்றைக்குத்தான் தெரிந்தது. ரஞ்சினியிடம் சொல்லாமலே விட்டேன்.

அது மட்டுமா காரணம்? எழுத உட்கார்ந்த பிறகு ஒளிக்கக் கூடாது. என்னிடம் விட்டுப்போன பிள்ளை என் வளர்ப்பில் மெலிந்துவிட்டது என்று மகள் பார்த்துவிடக் கூடாது என்ற வீம்பு எனக்கு இருந்தது. ஐந்து பிள்ளை வளர்த்தவள் நான். என்னைப் பார்த்து ஒருத்தி, அது என் மகளாகவே இருந்தாலும், "நீங்க பாக்கலையாம்மா?" என்று கேட்பதா? அக்கா ஒளித்தது பிள்ளையின் சீக்கை. நான் ஒளித்தது என் தோல்வியை. இரண்டுக்கும் ஒரே பவுடர் போதுமாயிருந்தது.

அப்படியே வாரங்கள் போயின. அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

கவிஷாவால் நிற்க முடியவில்லை. அக்கா அவளைப் பச்சைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். கழுத்தெலும்பு தெரியாமல் சுவெட்டர் மாட்டினாள். கன்னம் வெளுத்துக் கிடந்தது. சாந்துப் பொட்டை விரலில் தொட்டு இரண்டு கன்னத்திலும் தேய்த்துவிட்டாள். பார்க்க ஆரோக்கியமான பிள்ளை மாதிரியே இருந்தது. மூக்காயிகூட அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

ரஞ்சினி எடுத்த எடுப்பில் பேசினாள்.

"அம்மா, எனக்கு ரெண்டு வருசம் முடியுது. மேடம் இன்னும் ரெண்டு வருசம் நிக்கச் சொல்றாங்க. நாளைக்குக் கையெழுத்துப் போடணுமாம். புள்ள நல்லா இருந்தா நின்னுர்றேன். நீங்க வான்னு சொன்னா அடுத்த மாசமே வந்துருவேன். சொல்லுங்கம்மா. புள்ள எப்படி இருக்கு?"

இரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அது. வா என்று ஒரு எழுத்து சொன்னால் போதும். நான் வாயைத் திறந்தேன். போனுக்குப் பின்னாலிருந்து அக்கா என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். வேண்டாம் என்று. போனைப் பிள்ளையின் பக்கம் திருப்பினாள்.

"சிரிச்சுக் காட்டு, சாமி. அம்மா பாக்குறா."

அந்தப் பிள்ளை சொன்ன சொல் கேட்கிற பிள்ளை. சிரித்தது. பல் தெரிய, கண் சுருங்க, அழகாகச் சிரித்தது. சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. முதல் இருமலிலேயே அக்கா போனைச் சட்டென்று வெளியே திருப்பி, "இங்க பாரு ரஞ்சினி, நீ கொழுந்து எடுத்த மலையில பனி எறங்குறதப் பாரு, எவ்வளவு அழகு" என்றாள். மலையைக் காட்டிக்கொண்டே நின்றாள். இருமல் நிற்கிற வரைக்கும் காட்டினாள். பிறகு போனை என்னிடம் கொடுத்தாள்.

"அம்மா?" என்றாள் ரஞ்சினி.

"நல்லாத்தான் இருக்கா" என்றேன். "நீ யோசிச்சுச் செய்."

அக்கா தலையைத்தான் அசைத்தாள். சொன்னது நான்.

நாலு மாசம் இருந்தது கவிஷா. ஒரு மழைக்காலத்துக் காலையில், தேத்தண்ணியில் ரொட்டியைத் தொட்டு இரண்டு வாய் தின்றுவிட்டு, "அம்மாயி, படுக்கணும்" என்று படுத்தது. எழும்பவில்லை. ரஞ்சினி வந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன், அது எனக்குத் தெரியாது. அந்த நாலு மாசமும் அம்மா மடியில் கிடந்திருக்கும். அது தெரியும்.

அன்றைக்கும் அக்கா, "இப்பச் சொல்லாதீங்க, எல்லாம் முடியட்டும், வெள்ளிக்கெழமை பக்குவமா நான் சொல்றேன்" என்றாள். யாரும் மறுத்துப் பேசவில்லை. ஆனால் லயத்தில் அப்போது டச் போன் ஒன்றல்ல, வீட்டுக்கொன்று இருந்தது. மூக்காயியின் மருமகள் பாசத்தில்தான் செய்தாள், குறை சொல்ல மாட்டேன். முச்சந்தியில் கட்டுவதற்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்தார்கள், அந்தப் படத்தை அவள் பேஸ்புக்கில் போட்டுவிட்டாள். பேனருக்குப் பிள்ளையின் படம் வேண்டுமே. போனில் இருந்ததில் எது நல்ல படம்? பச்சைச் சுவர், சிவப்புக் கன்னம், பல் தெரிகிற சிரிப்பு. சுற்றி ரோசாப்பூ வைத்து அடித்திருந்தார்கள்.

அதை ரஞ்சினி அடுப்படியில் நின்றுகொண்டு பார்த்திருக்கிறாள். மேடம் கூப்பிடுகிற சத்தம். அவசரத்தில் கண்ணில் பட்டது மகளின் சிரிப்பும் பூவும்தான். கோயில் திருவிழாவுக்கு யாரோ படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துச் சிவப்பு இருதயத்தை அமுக்கிவிட்டு மேடத்திடம் ஓடியிருக்கிறாள். தட்டுக் கழுவி முடித்து வந்து, கீழே எழுதியிருந்ததைப் பிறகுதான் படித்திருக்கிறாள்.

அவள் கூப்பிட்டபோது எங்கள் காம்பராவில் சாவுக் கூட்டம். யாரோ போனை எடுத்தார்கள், யாரோ என் கையில் கொடுத்தார்கள். போன் நழுவித் தரையில் மல்லாந்து விழுந்தது. தரையிலிருந்து அவள் குரல் வந்துகொண்டே இருந்தது. அக்கா ஓடிவந்து குனிந்தவள், எடுக்காமல் நின்றுவிட்டாள். எங்கள் ஓட்டைத் தகரத்தையும், ஒழுக்குக்குக் கட்டின பொலித்தீனையும், கரி பிடித்த உத்தரத்தையும் என் மகள் அன்றைக்குத்தான் அந்தப் போனில் முதல் தரம் பார்த்தாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டதால் உடனே விடமாட்டேன் என்றார்களாம். ஒன்பது மாசம் கழித்து வந்தாள். வந்த மறுநாள் மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் குளிக்கும்போது கையைப் பார்த்தேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் இஸ்திரிப் பெட்டி வைத்த தழும்பு, ஒன்றல்ல.

"எப்படி இது?"

"போன மொத வருசமே."

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பேசினியேடி. சொல்லலையே நீ."

தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாள். "நானும் அக்கா வளத்த புள்ளதானேம்மா" என்றாள்.

சாயந்தரம் அக்கா பார்க்க வந்தாள். ரஞ்சினி வாசற்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அக்கா என்ன செய்வாள்? அவளுக்குத் தெரிந்ததைச் செய்தாள். தோள் துணியை எடுத்தாள். ரஞ்சினி எழுந்து அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்தாள்.

"தொடைக்காதீங்க, பெரியம்மா."

"அழாத சாமி..."

"அழத்தான் செய்வேன். தொடைக்காதீங்க. பாருங்க."

பிடித்த பிடியை விடவில்லை. அக்கா முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள், ரஞ்சினி அந்தப் பக்கம் வந்து நின்றாள். மூக்கு ஒழுக, வாய் கோண, அவள் முகத்துக்கு நேரே நின்று அழுதாள். அக்கா பார்த்தாள். வேறு வழியில்லாமல் பார்த்தாள். பிறகு கையை விடுவித்துக்கொண்டு போனாள். மறுநாள் காலையில் பார்க்கிறேன், துவைத்து உலர்த்திய துணி தோளில் இருக்கிறது. மாறுகிற வயதா அது.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் இருந்தாள். கடைசி ஆறு மாசம் வயிற்றில் கட்டி. டவுன் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். நான்தான் போய்க் கஞ்சி கொடுத்தேன், துணி மாற்றினேன். யாரும் கேட்கவில்லை, நானாகச் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மகன் கொழும்பிலிருந்து கூப்பிடுவான். கூப்பிடுமுன் தலையைச் சீவிக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கழுத்து வரைக்கும் கம்பளியை இழுத்துக்கொள்வாள். "எனக்கென்னய்யா, ராணி மாதிரி கெடக்கேன். நீ கடையப் பாரு" என்பாள். அவன் பார்த்துவிட்டு ஒரு வாய் சோறு நிம்மதியாகத் தின்றிருப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளால் கையைத் தூக்க முடியவில்லை. போன் அடித்தது.

"நீ புடி" என்றாள். "மொதல்ல மூஞ்சியத் தொடச்சு விடு."

துணி தலைமாட்டில் இருந்தது. எடுத்தேன். கன்னம் ஒட்டி, வாயோரம் எச்சில் காய்ந்து, கண்ணில் பீளை. துணியை அங்கேயே வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். முகத்தைக் காட்டினேன். கம்பளியை விலக்கி வயிற்றைக் காட்டினேன். கட்டிலுக்குக் கீழே இருந்த சட்டியைக் காட்டினேன். அவசரப்படவில்லை. அவள் அந்த மலையைக் காட்டினாளே, அவ்வளவு நிதானமாகக் காட்டினேன். கூரையையும் காட்டினேன்.

அந்தப் பக்கமிருந்து, "சின்னம்மா, நான் இப்பவே பஸ் ஏறுறேன்" என்று மட்டும் கேட்டது.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

ஒன்பது நாள் இருந்தாள். மகன் பக்கத்திலேயே இருந்தான், அவன் கையால்தான் கடைசித் தண்ணீர். அவனிடம் பேசினாள். என்னிடம் பேசவில்லை. நான் கஞ்சி கொண்டு போனால் கண்ணை மூடிக்கொள்வாள். எல்லாம் முடிந்த பிறகு அவன் என் காலைத் தொட்டு, "நல்லவேள நீங்க காட்டுனீங்க சின்னம்மா, இல்லாட்டி நான் பொணத்தத்தான் பாத்திருப்பேன்" என்று அழுதான். அவனுக்கு நல்லதென்று காட்டினேனா, அவளைப் பழிவாங்கக் காட்டினேனா என்று எனக்கே நிச்சயமில்லை.

வீட்டுக்கு வந்து ரஞ்சினியிடம் சொன்னேன். அவன் சொன்னதையும் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது. அவள் அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அன்னைக்கும் இப்படிக் காட்டியிருக்கலாமேம்மா" என்றாள்.

ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.